சொன்ன பிறகு யாருக்கும் தெரியும்

1958-இல் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஹேலிங் தீவில், பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் ஒரு பலகையின்மேல் பாய்மரம் நட்டான். படகில் நிற்பதுபோல விறைத்து நிற்கும் மரம் இல்லை அது. அடியில் ஒரு மூட்டு. எந்தப் பக்கமும் சாயும். பாயை நடுவில் வைத்து இருபுறமும் இரண்டு கட்டைகள். பையன் பலகைமேல் நின்று கட்டையைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்குத் தக்கபடி பாயைச் சாய்த்து ஓட்டி விளையாடினான்.

பத்து ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் ஏறக்குறைய இதே அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார்கள். ஹேலிங் தீவுப் பையனைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. விண்ட்சர்ஃபிங் என்ற பெயரில் விளையாட்டு உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் டாபூர் மரீன் என்ற நிறுவனம் அதே மாதிரி பலகைகளை விற்கத் தொடங்கியதும் வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு இரண்டு சாட்சியங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, 1965-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் நியூமன் டார்பி எழுதிய பாய்ப்பலகைக் கட்டுரை. மற்றொன்று, இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பையன்.

காப்புரிமையில் கட்டைகள் வில்போல வளைந்தவை என்று இருந்தது, பையனுடையவை நேர்க்கட்டைகள். ஆனால் நேர்க்கட்டையும் காற்றின் இழுப்பில் வளையத்தான் செய்யும். முதலிலேயே வளைத்து வைப்பதற்குத் தனி மூளை வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, காப்புரிமையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஆலிவர் வகுத்த நான்கு படிகள் பின்னர் பல நாடுகளுக்குப் போயின. கண்டுபிடிப்பின் சாரம் எது என்று முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு, விண்ணப்பம் போட்ட நாளில் அத்துறையில் இருந்த, கைதேர்ந்த, ஆனால் கற்பனை இல்லாத ஒருவராக நீதிபதி தன்னை வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்ததற்கும் புதிய பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அந்த வேறுபாடு அவருக்குத் தானாகத் தோன்றியிருக்குமா என்று கேட்க வேண்டும்.

ஒரு பொருள் புதியது என்பது மட்டும் காப்புரிமைக்குப் போதாது. திருகாணியின் தலையை அறுகோணத்திலிருந்து எண்கோணமாக மாற்றினாலும் அது 'புதியது'தான். அதற்கெல்லாம் 20 ஆண்டு ஏகபோகம் கொடுத்தால், பட்டறையில் வேலை செய்கிற யாரும் வக்கீலைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொட முடியாது. அதனால்தான் இந்த இரண்டாவது வாசல்: துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றியிருக்கக் கூடாது.

நான்கு படிகளில் சிக்கலானது இரண்டாவது. நீதிபதி தனக்குத் தெரிந்ததை மறந்துவிட வேண்டும். மனிதனால் அது முடியுமா என்று சோதித்தவர் பாரூக் ஃபிஷ்ஹாஃப். 1975-இல் வெளியான அவருடைய ஆய்வில், 1814-இல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார். முடிவு நான்கு விதமாக இருக்கலாம். ஒரு குழுவுக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றக் குழுக்களிடம் குழுவுக்கொரு முடிவை 'இதுதான் நடந்தது' என்று சொன்னார். பிறகு எல்லாரிடமும், முடிவு தெரியாதவர் எப்படிக் கணிப்பாரோ அப்படிக் கணியுங்கள் என்றார். எந்தக் குழுவுக்கு எந்த முடிவைச் சொன்னாரோ, அந்தக் குழு அதற்கே அதிக வாய்ப்புத் தந்தது. பொய்யான முடிவைச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான். தங்களுக்கு முடிவு தெரிந்திருந்ததுதான் கணிப்பை இழுத்தது என்பதை அவர்கள் உணரவில்லை. கிரெகரி மாண்டெல் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 2006-இல் இதைக் காப்புரிமைக்குப் பொருத்திச் சோதித்தார். தீர்வைத் தெரிந்துகொண்டவர்களில் மிகப் பலர் அதை 'எளிதில் தோன்றக்கூடியது' என்றார்கள். தெரியாதவர்களில் சிலரே சொன்னார்கள். பின்னறிவுக்கு ஆட்படாதீர்கள் என்று முன்கூட்டி எச்சரித்தும் பெரிதாக மாறவில்லை. விடையோடு சேர்த்து விடுகதையைக் கேட்டவன், அது கடினமா என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறான்.

இதில் அதிகம் அடிபடுவது இயந்திரக் கண்டுபிடிப்பு. ஒரு மருந்து மூலக்கூறின் படத்தைக் காட்டினால் நீதிபதிக்கு ஒன்றும் புரியாது. புரியாததை எளிது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. வேதியியலில் ஒரு அணுவை மாற்றினால் என்ன ஆகும் என்று நிபுணரே உறுதியாகச் சொல்ல முடியாது. நெம்புகோல், கீல், ஸ்பிரிங், திருகு எல்லாம் வேறு ரகம். படத்தைப் பார்த்தாலே எது எதைத் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். நன்றாக வடிவமைத்த இயந்திரம் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்ற தோற்றத்தைத் தரும். அந்தத் தோற்றமே அதற்கு எதிரான சாட்சியாகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கேள்வியின் தொடக்கம் ஒரு கதவுக் குமிழ். உலோகக் குமிழும் மரக்குமிழும் இருந்த காலத்தில், ஹாட்ச்கிஸ் என்பவரும் கூட்டாளிகளும் களிமண்ணாலும் பீங்கானாலும் குமிழ் செய்து காப்புரிமை வாங்கினார்கள். தண்டைக் குமிழில் பொருத்தும் முறை பழையது. மாறியது பொருள் மட்டும். 1851-இல் நீதிமன்றம் இதைக் கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை என்றது, கண்டுபிடிப்பாளனின் வேலை என்று ஏற்கவில்லை. அது போகட்டும். பின்வந்த நீதிபதிகள் கண்டுபிடிப்பாளனிடம் இன்னும் இன்னும் கேட்டார்கள். 1941-இல் காரில் சுருட்டுப் பற்றவைக்கும் ஒரு சாதனம் பற்றிய வழக்கில் நீதிபதி டக்ளஸ் மேதைமையின் மின்னல் தெரிய வேண்டும் என்றே எழுதிவிட்டார். பொறியாளன் ஆயிரம் முறை தேய்த்துப் பார்த்துக் கண்டது கணக்கில் சேராதாம். இதைவிட அபத்தமான அளவுகோலைப் பொறியியலுக்கு வைக்க முடியாது. 1952-இல் அமெரிக்கச் சட்டமே திருத்தப்பட்டு, கண்டுபிடிப்பு எந்த வழியில் வந்தது என்பது காப்புரிமையைக் கெடுக்காது என்று எழுதப்பட்டது. மின்னலாக வந்தாலும் சரி, வியர்வையாக வந்தாலும் சரி.

புதிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் முதலில் உரசிப் பார்த்தது ஒரு கலப்பையில். வில்லியம் கிரஹாமின் உளிக்கலப்பை. கல் நிறைந்த நிலத்தில் கொழு மோதினால் தண்டு முறியும். அதற்காகக் கிரஹாம் ஸ்பிரிங் வைத்த ஒரு பிடியைச் செய்தார்: கல்லில் பட்டதும் தண்டு மேலே எழும், தாண்டியதும் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்து வைக்கும். 1950-இல் இதற்குக் காப்புரிமை. அந்த அமைப்பில் தண்டு, சட்டத்தோடு இறுகிய மேல்தகட்டுக்கும் கீல்தகட்டுக்கும் நடுவே செருகப்பட்டிருந்தது. தண்டின் குதிப்பகுதி மேல்தகட்டை உரசி உரசித் தேய்த்தது. மேல்தகட்டை மாற்றுவது சுலபமாக இல்லை. கிரஹாம் தண்டைக் கீல்தகட்டுக்குக் கீழே கொண்டுபோய், ஒரு வளையத்தால் தாங்கி, திருகாணியால் பூட்டினார். இப்போது தேய்வது கீல்தகடு; அதைக் கழற்றி மாற்றுவது எளிது. 1953-இல் இரண்டாவது காப்புரிமை.

ஜான் டியர் நிறுவனத்தோடு நடந்த வழக்கு 1966-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நிலைமை விசித்திரம்: இதே காப்புரிமையை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றும், இன்னொன்று செல்லாது என்றும் சொல்லியிருந்தன. கிரஹாம் தரப்பு, இடமாற்றத்தால் தண்டு முழு நீளத்துக்கும் வளைந்து கொடுக்கிறது, அதனால் முறிவது குறைகிறது என்று வாதிட்டது. நீதிபதி டாம் கிளார்க் இரண்டு இடத்தில் பிடித்தார். இந்த வளைவுக் கதை காப்புரிமை அலுவலகத்தில் சொல்லப்படவே இல்லை; வழக்கு வந்த பிறகு முளைத்தது. அடுத்தது, தண்டு தாராளமாக வளைய வேண்டுமென்றால் அதைத் தகடுகளுக்கிடையே அடைக்கக் கூடாது. அடைக்காமல் வைக்கத் தகட்டுக்குக் கீழே தவிர வேறு இடம் இல்லை. மேலும், க்ளென்கோ பிடி என்ற பழைய அமைப்பில் இதே உறுப்புகள் ஏற்கெனவே இருந்தன. காப்புரிமை போயிற்று.

முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 'வேறு இடம் இல்லை' என்ற வாதம் எனக்கு நெருடுகிறது. எந்த இயந்திரத்திலும் ஒரு உறுப்பை மேலே வைக்கலாம், கீழே வைக்கலாம், அவ்வளவுதான். வழி இரண்டே இருந்தால் இரண்டும் எளிது என்று கொண்டால், இயந்திரக் காப்புரிமை என்பதே இருக்க முடியாது. தண்டைக் கீழே கொண்டுபோனால் வளைவு கூடும் என்பது யாருக்காவது அதற்கு முன் தோன்றியதா என்பதுதான் கேள்வி. க்ளென்கோ பிடி இல்லாவிட்டால் இந்தத் தீர்ப்பும் ஃபிஷ்ஹாஃபின் மாணவர்கள் செய்த கணிப்பைப் போன்றதாகியிருக்கும். அந்தத் தீர்ப்பிலேயே கிளார்க் ஒரு மருந்தும் எழுதி வைத்தார்: பொருள் எப்படி விற்றது, அதற்கான தேவை எவ்வளவு காலம் தீராமல் இருந்தது, எத்தனை பேர் முயன்று தோற்றார்கள் என்பதையும் பாருங்கள் என்றார். துணைச் சான்று என்ற பெயரில் கடைசியில் வைத்ததால், பல நீதிமன்றங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிட்டன.

நம் நாட்டின் முன்னோடித் தீர்ப்பு பாத்திரப் பட்டறையிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர், பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். வார்த்த பாத்திரத்தை லேத்தில் மாட்டிச் சுழற்றிக் கடைந்து மெருகேற்றுவார்கள். பழைய முறையில் பாத்திரத்தை ஹெட்ஸ்டாக் பக்கம் மட்டும் பொருத்துவார்கள். சுழலும் வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் காயப்படுத்தும். ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், எதிர்ப்புறம் டெயில்ஸ்டாக்கிலிருந்து ஒரு தண்டு நெம்புகோலால் அழுத்திப் பிடிக்கும்படி அமைப்புச் செய்து 1951-ஆம் ஆண்டு தேதியிட்ட காப்புரிமை வாங்கியது. அதே ஊரில் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் என்ற பட்டறையும் அதே முறையைக் கையாள, வழக்கு மூண்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். இரு நீதிபதி அமர்வு அதை மீட்டது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்க்காரியா மறுபடி ரத்து செய்தார்.

அந்த அமைப்பால் வேலை வேகமாயிற்று, ஆபத்து குறைந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் காப்புரிமை நிற்கவில்லை. பட்டறையில் செய்துகொள்ளும் சாதாரணத் திருத்தத்தைவிட மேலான ஒன்று வேண்டும் என்றது தீர்ப்பு. பிரச்சினை முன்னால் நிற்கும் ஒரு நல்ல கைவினைஞரிடம், அன்றுவரை தெரிந்திருந்த ஆவணத்தைக் கொடுத்தால், புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஒன்றும் அறியாத அவர், 'எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது' என்று சொல்லியிருப்பாரா? கேட்க வேண்டியது அதுதான். இந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. சுழலும் பொருளை மறுமுனையில் தாங்கிப் பிடிப்பதற்கென்றே டெயில்ஸ்டாக் பிறந்தது. லேத் பட்டறையில் ஆறு மாதம் நின்ற பையனைக் கேட்டாலும் சொல்லுவான். பயன் பெரிதாக இருப்பதும் படி பெரிதாக இருப்பதும் ஒன்றல்ல.

இந்தக் கற்பனை மனிதர், அதாவது நீதிமன்றம் தனக்குள் உட்கார்த்திக்கொள்ளும் அந்தத் துறைத் தேர்ச்சியாளர், காலப்போக்கில் புத்திசாலியாகிக்கொண்டே வருகிறார். ஆலிவரின் ஆளுக்குக் கற்பனையே கிடையாது. 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவருக்குக் கொஞ்சம் கிடைத்தது. வழக்கு, கார் ஆக்சிலரேட்டர் மிதி பற்றியது. குட்டையானவர், நெட்டையானவர் யார் ஓட்டினாலும் எட்டும்படி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய மிதி ஏற்கெனவே உண்டு. அசானோ என்பவரின் காப்புரிமையில் மிதி நகர்ந்தாலும் அதன் சுழல்மையம் நகராது. கேபிளுக்குப் பதில் கணினி வந்தபோது, மிதி எவ்வளவு அழுந்தியது என்று அறிய சென்சார் தேவைப்பட்டது. நகரும் பகுதியில் சென்சாரை வைத்தால் கம்பி இழுபட்டுத் தேய்கிறது என்பதும், நகராத பகுதியில் வைப்பது நல்லது என்பதும் பழைய காப்புரிமைகளிலேயே இருந்தன. எங்கெல்காவ் என்பவர் சென்சாரை அந்த நகராத சுழல்மையத்தில் பொருத்திக் காப்புரிமை பெற்றார். டெலிஃப்ளெக்ஸ் நிறுவனம் அதை வைத்துக் கேஎஸ்ஆர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது.

அதுவரை கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கறாரான விதி வைத்திருந்தது: இரண்டு பழைய பொருளைச் சேர்த்தது எளிது என்று சொல்ல வேண்டுமானால், சேர்க்கச் சொல்லும் தூண்டுதல் பழைய நூல்களில் எங்காவது இருப்பதைக் காட்ட வேண்டும். பின்னறிவுக்கு அது நல்ல கடிவாளம். ஆனால் பட்டறைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைப்பதில்லை. விசாரணையின்போது நீதிபதி ஸ்கேலியா அந்த விதியை உளறல் என்றே சொன்னார். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் காப்புரிமையைத் தள்ளினார்கள். துறை தெரிந்த சாதாரண ஆளுக்கும் சாதாரண அளவில் படைப்புத்திறன் உண்டு, அவர் ஒன்றும் எந்திரப் பொம்மை இல்லை என்று நீதிபதி கென்னடி எழுதினார். கீழ்நீதிமன்றம் அந்த ஆளின் தகுதியைக்கூடக் குறித்திருந்தது: இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டமோ அதற்கு நிகரான அனுபவமோ, மிதி அமைப்புகளில் பழக்கம்.

அவர் எத்தனை கடைகளில் எட்டிப் பார்ப்பார் என்பது தனிக் கேள்வி. குழாய்களை இறுக்கும் உலோகப் பட்டைக்கு ஓட்டிகர் என்பவர் ஒரு கொக்கி வடிவமைத்தார். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர், துணிகளில் வரும் கொக்கியைக் காட்டி, இதுதானே என்றார். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிரிக்காத குறை: குழாய்ப்பட்டை செய்கிறவர் தீர்வு தேடித் தையற்கடைக்குப் போக மாட்டார். கண்டுபிடிப்பைப் பார்த்த பிறகு பரிசோதகர் மட்டுமே அங்கே போவார்.

இனி எதிர்ப்பக்கம். படி மிகச் சிறியது, இருந்தும் காப்புரிமை நின்றது என்பதற்கு முள்கம்பியைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. மரம் அரிதான அமெரிக்கச் சமவெளியில் மாட்டைத் தடுக்க வேலி இல்லை. வெறுங்கம்பியை மாடு சாய்த்துவிடும். 1868-இல் மைக்கேல் கெல்லி தகட்டில் வெட்டிய முட்களைக் கம்பியில் கோத்தார். யோசனை வந்துவிட்டது, ஆனால் வேலி பரவவில்லை. 1874-இல் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் தகட்டை விட்டுவிட்டு, துண்டுக் கம்பியையே முள்ளாகச் சுற்றி, அது நழுவாமலும் திரும்பாமலும் இரண்டாவது கம்பியை முறுக்கிப் பூட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதற்கா காப்புரிமை என்றுதான் தோன்றும். ஆனால் கெல்லியின் கம்பி தோற்ற இடத்தில் கிளிடனின் கம்பி கண்டத்தையே வளைத்தது. தோல்வியை வெற்றியாக்கியது அந்தக் கடைசி அடி என்று சொல்லி 1892-இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை ஏற்றது. அன்றைய 17 ஆண்டுக் காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது வேறு கதை.

பிரிட்டனில் மாண்டி ஹேபர்மன் செய்த குழந்தைக் குவளையும் அப்படி. குழந்தை உறிஞ்சினால் மட்டும் திறந்து, குப்புறக் கவிழ்த்தாலும் சிந்தாத ஒரு கீறல் வால்வு. அந்த மாதிரி வால்வுகள் வேறு பொருட்களில் ஏற்கெனவே இருந்தன. ஜாக்கெல் என்ற நிறுவனம், இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்டது. 1999-இல் நீதிபதி லாடி திருப்பிக் கேட்டார்: சிந்துகிற குவளை எல்லா வீட்டிலும் தெரிந்த தொல்லை, குவளை செய்து விற்கிற நிறுவனங்கள் இத்தனை, வால்வும் கைக்கெட்டும் தூரத்தில், அவ்வளவு எளிது என்றால் ஏன் ஒருவரும் செய்யவில்லை? பதில் வரவில்லை. காப்புரிமை நின்றது.

கலப்பைத் தீர்ப்பு துணைச் சான்று என்று ஒதுக்கியதை லாடி நடுவில் கொண்டுவந்து வைத்தார். இயந்திரங்களைப் பொறுத்தவரை இதுவே சரியான வரிசை என்பேன். பொருளை முறைத்துப் பார்த்து அது எளிதா என்று கேட்டால், எளிது என்றுதான் கண் சொல்லும். அதைச் சுற்றி நின்றவர்கள் எத்தனை காலம், எதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் செய்யாமல் நின்றார்கள் என்பது வரலாறு. அதற்குச் சாட்சி உண்டு, ஆவணம் உண்டு. மிர்சாப்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் லேத்தே பதில் சொல்லிவிடும்.

இந்தியச் சட்டத்தின் இன்றைய வரையறை, அறிந்தவற்றோடு ஒப்பிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ வேண்டும், அதோடு துறைத் தேர்ச்சியாளருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தெரிந்த கருவிகளை அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்று பிரிவு 3(எஃப்) தனியே சொல்கிறது. இந்த வரையறை பெரிய அளவில் மோதிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். சிறிய சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்ததற்குப் பஜாஜ் ஆட்டோ காப்புரிமை வைத்திருந்தது. டிவிஎஸ் நிறுவனம், ஃபிளேம் என்ற 125 சிசி வண்டியை இரட்டைப் பிளக்கோடு கொண்டுவர முனைந்தது. இரட்டைப் பிளக் பழையது, ஹோண்டாவின் அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறது என்றது டிவிஎஸ். இத்தனை சிறிய சிலிண்டரில், எரிபொருள் குறைந்த கலவையை இப்படி எரித்தவர் யாரும் இல்லை என்றது பஜாஜ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், கணக்கு வைக்க வேண்டும், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்று உத்தரவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019-இல், இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. சின்ன எஞ்சினில் இரண்டாவது பிளக் எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்விக்கு முழு விசாரணை நடத்தி நீதிமன்றம் பதில் எழுதவில்லை.